சவாகோ பழக்கிய மீன்

ஓவாசே துறைமுகத்தில் என் தம்பி கியோதாகாவைத் தெரியாத படகுக்காரர் கிடையாது. பள்ளி முடித்த வசந்தத்தில் ஐஸ் ஆலைக்குள் போனவன், ஓய்வு வயது வந்த பிறகுதான் வெளியே வந்தான். அவன் பொறுப்பில் இருந்தவரை ஐஸ் வரவில்லை என்று ஒரு படகுகூடத் துறையில் காத்து நின்றதில்லை. இதை நான் சொல்வது அக்கா என்பதால் அல்ல. துறைமுகத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

கையுறை போட்டால் கொக்கி நழுவுகிறது என்று இளவயதில் வெறுங்கையாலேயே ஐஸ் பாளங்களை இழுத்தான். அதனால் பத்து விரல்களின் நுனிகளும் மரத்துப்போய்விட்டன. மீன் முள் குத்தினால் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவனுக்குத் தெரியும். தேநீர்க் கோப்பை சூடாக இருக்கிறதா என்று உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பான். மருத்துவர், இனி உணர்ச்சி திரும்பாது என்று சொன்னபோது, "சரி, வேலை செய்யுதில்ல, போதும்" என்று சொல்லிவிட்டு வந்தவன். பேச்சு அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அவன் மனைவி சவாகோ நேர் எதிர். பாலர் பள்ளிச் சமையலறையில் வேலை. ஓயாமல் பேசுவாள், பாதி வாக்கியத்திலேயே சிரித்துவிடுவாள். குழந்தை இல்லை. அந்த வீட்டில் முன்னறைச் சுவரின் பாதி அளவுக்கு ஒரு கடல்மீன் தொட்டி இருந்தது, அது அவளுடையது. உள்ளே பவளங்கள், நத்தைகள், வண்ணத்துப்பூச்சி மீன்கள்.

அந்த மீன்களை அவள் கடையில் வாங்கியதில்லை. கோடை முடியும்போது தெற்கிலிருந்து வரும் சூடான நீரோட்டம் எங்கள் விரிகுடாவுக்குள்ளும் நுழையும். அதோடு நகக்கண் அளவு குஞ்சுகள் மிதந்து வந்து பாறை இடுக்குகளில் தங்கிவிடும். திரும்பிப் போக அவற்றுக்குத் தெரியாது. ஜனவரியில் தண்ணீர் குளிர்ந்ததும் எல்லாம் செத்துப்போகும். ஒவ்வொரு வருடமும் இப்படித்தான். செப்டம்பர் வந்தால் சவாகோவும் முடிதிருத்தகம் வைத்திருக்கும் ஹமாகுச்சியும் முழங்கால்வரை ரப்பர் காலணி போட்டுக்கொண்டு, ஆளுக்கு இரண்டு கைவலையோடு பாறைக்குப் போவார்கள். இடக்கை வலையை இடுக்கின் வாயில் அசையாமல் வைத்துக்கொண்டு, வலக்கை வலையால் மீனை மெல்ல அந்தப் பக்கம் ஒதுக்க வேண்டும். துரத்தினால் கிடைக்காது. இரண்டு பேரும் பாறையில் குனிந்து நிற்பதைப் பார்த்து, கரையில் வலை உலர்த்துகிறவர்கள் கேலி செய்வார்கள்.

"சவாகோ, ராத்திரிக் குழம்புக்கா?"

"ஆமா, உங்க வீட்டுக்கும் ஒரு கிண்ணம் தரேன், பூதக்கண்ணாடி எடுத்துட்டு வாங்க!"

போன வருடத்துக்கு முந்தின செப்டம்பரில் அவள் வலையில் ஒரு மிசுஜி விழுந்தது. மிசுஜி என்றால் மூன்று கோடு. முகத்தில் மூன்று கறுப்புப் பட்டைகள், வெளிறிய மஞ்சள் உடலில் நீளவாக்கில் மயிரிழை போன்ற ஊதாக் கோடுகள். பார்க்க அழகு, வளர்க்க முடியாத மீன். பவளத்தின் உயிர்த்தசையைத் தவிர வேறெதையும் அது தின்னாது. ஹமாகுச்சி அன்றைக்கே சொன்னாளாம். சவாகோ அதை நடித்துக்காட்டிச் சொல்லிச் சிரித்ததால் எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது.

"விட்டுடு சவாகோ. உன் வீட்டுக்கு வந்து பட்டினி கிடந்து சாகும்."

"இங்க விட்டா குளிர்ல சாகும். எங்க வீட்டுல செத்தா பக்கத்துல ஆளாவது இருக்கும்."

அதைத் தின்னப் பழக்க அவள் பட்ட பாட்டை நான் நேரில் பார்த்தேன். மட்டியின் சதையை விழுதாக அரைப்பாள். செத்த பவளக் கிளை ஒன்றின் துளைகளில் அதை ஒரு தூரிகையால் தேய்த்து, கிளையைத் தொட்டிக்குள் நிறுத்துவாள். மீன் வரும், பார்க்கும், போய்விடும். மறுநாளும் அதே. வயிறு உள்வாங்கி, காகிதம் மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாள் கொத்தியது. பிறகு கிளையைச் சிறிதாக்கினாள், பிறகு கிளையே இல்லாமல் மட்டி ஓட்டிலேயே வைத்தாள். கடைசியில், பிளந்த மட்டியை அவள் விரல்களில் பிடித்துத் தண்ணீருக்குள் நீட்டினால் வந்து தின்கிற அளவுக்கு ஆனது. மட்டியைவிட அவள் நகத்தை அதிகம் கொத்தும்.

"ஐயோ, கூசுது! நீங்க ஒரு தடவை கையைக் கொடுங்களேன்."

"எனக்கு என்ன தெரியப்போகுது" என்றான் கியோதாகா. செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை.

சவாகோ இந்தப் பிப்ரவரியில் இறந்தாள். மாலையில் குளிக்கப் போனவள், குளியல் தொட்டியின் வெந்நீரிலேயே மயங்கிப்போனாள். எங்கள் பகுதி வீடுகளில் குளியலறைதான் வீட்டிலேயே குளிரான இடம். அந்தக் குளிரிலிருந்து கொதிக்கிற தண்ணீருக்குள் இறங்கும்போது இதயம் நின்றுவிடுகிறது. வருடத்துக்கு ஒருவருக்காவது ஊரில் இப்படி ஆகிறது. கியோதாகா பக்கத்து அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் அழவில்லை. ஈமச்சடங்கில் வந்தவர்களுக்கெல்லாம் சரியான நேரத்தில் குனிந்து வணங்கினான். தகனத்துக்குப் பிறகு, சாப்ஸ்டிக்கால் எலும்பு எடுத்துக் கலயத்தில் வைக்கும்போது, விரல் நுனியில் உணர்ச்சி இல்லாத அவன் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. கலயத்தோடு வீட்டுக்கு வந்தான். சாம்பிராணி ஏற்றினான். பிறகு கறுப்புக் கோட்டோடு சமையலறைக்குப் போய், மட்டி ஒன்றைப் பிளந்து தொட்டியின் மணலில் வைத்தான். மீன் தின்றது. அவன் நின்று பார்த்தான். பிறகு கோட்டைக் கழற்றி மாட்டினான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரிதான். நான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன், காலையில் போய்ப் பார்ப்பேன். முதலில் சவாகோவின் படம் இருக்கும் மரமாடத்துக்குச் சோறு, தேநீர். பிறகு பூ ஜாடியின் தண்ணீரை மாற்றுவான். ஜாடிக்குள் பத்து யென் செப்புக்காசு ஒன்று கிடக்கும். தண்ணீர் வழுக்காமல், நாறாமல் இருக்க நாங்கள் எல்லோருமே போடுவதுதான். கல்லறைப் பூக்குவளையிலும் போடுவோம், சமையலறைச் சாக்கடை வடிகட்டியிலும் போடுவோம். எங்கள் அம்மா போட்டார், சவாகோவும் போட்டாள். மாடத்து வேலை முடிந்ததும் அதே ஈரக்கையோடு தொட்டிக்கு வருவான். உப்புப் பொடி கலந்த தண்ணீர், மட்டி, கண்ணாடியைத் துடைப்பது. ஒன்றும் கேட்காமலே எல்லாம் செய்தான். மனைவி செய்வதைச் செய்தித்தாளுக்கு மேலாக அத்தனை வருடம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். எனக்குப் பெருமையாக இருந்தது.

"சாப்பிட்டியாடா?"

"மீன் சாப்பிட்டுச்சு."

"உன்னைக் கேட்டேன்."

"இனிமேதான்."

இறந்தவர்களுக்கு ஏழு நாளுக்கு ஒரு முறை செய்யும் சடங்கில் மூன்றாவது ஏழாம் நாள் கழிந்ததும் தொட்டியில் ஏதோ சரியில்லை என்று எனக்கே தோன்றியது. எப்போதும் பூத்துக் கிடக்கும் பவளங்கள் மூடிக்கொண்டிருந்தன. கண்ணாடியில் ஏறி நிற்கும் நத்தைகள் மணலில் மல்லாந்து கிடந்தன. தண்ணீரோ முன்பைவிடப் பளிச்சென்று இருந்தது, கண்ணாடியில் பாசியே இல்லை. கியோதாகா இன்னும் அடிக்கடி தண்ணீர் மாற்றினான். அடுத்த வாரம் பவளத்தின் நுனிகள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தன. மிசுஜி மூலையில் போய் நின்றுகொண்டது. மட்டி வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போனா போகுதுடா" என்றேன் நான். "மீன்தானே."

அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "எனக்குச் சாப்பிடக் கத்துக்கொடுத்தது அம்மா. இதுக்குக் கத்துக்கொடுத்தது அவ" என்றான். "வேற யாருக்கும் அவ கத்துக்கொடுக்கல."

அவ்வளவு நீளமாக அவன் பேசி நான் கேட்டது அந்த மாதத்தில் அதுதான் முதல் தடவை. அப்போதே எழுந்து போய் ஹமாகுச்சியைக் கூப்பிட்டு வந்தேன்.

அவள் கடைக்கு விடுமுறை போட்டுவிட்டு வந்தாள். மாடத்தில் சாம்பிராணி வைத்துக் கைகூப்பிய பிறகு, கியோதாகாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணே, தலை என்ன, புதர் மாதிரி இருக்கு? துக்க வீடுன்னு கத்திரி எடுத்துட்டு வரல. தப்பிச்சீங்க."

"மீனைப் பாரு."

"பாக்கறேன். உங்களைவிட அதுக்கு ஒழுங்கா முடி இருக்கும்."

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தொட்டியின் முன்னால் மண்டியிட்டாள். மண்டியிட்ட பிறகு கேலி நின்றுவிட்டது. தண்ணீரைச் சூடாக வைக்கும் ஹீட்டரைப் பார்த்தாள், சரியாக இருந்தது. தண்ணீரை நக்கிப் பார்த்து, உப்பும் சரி என்றாள். மட்டி எங்கே வாங்குகிறான் என்று கேட்டாள். சவாகோ வாங்கிய அதே கடை.

"எதாவது மருந்து ஊத்துனீங்களா? கொசு மருந்து, எறும்பு மருந்து, எதாவது?"

"இல்ல."

"அக்கா, நீங்க?"

"நான் தொட்டிப் பக்கமே போகமாட்டேன்."

தொட்டியின் பின்புறம், தண்ணீர் வடிந்து சுற்றிவரும் ஒரு குறுகலான அறை உண்டு. வடிகட்டிப் பஞ்சும் மோட்டாரும் அங்கே இருக்கும். ஹமாகுச்சி பஞ்சை எடுத்துப் பிழிந்தாள். பிறகு அடியைத் துழாவினாள். அவள் முகம் மாறியது. கையை வெளியே எடுத்து விரித்தாள். உள்ளங்கையில், பச்சைப் பொருக்கு படிந்த பத்து யென் காசுகள்.

"இது எப்படி உள்ள போச்சு?"

"நான்தான் போட்டேன்" என்றான் கியோதாகா.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒவ்வொரு ஏழாம் நாளும் பூ ஜாடியில் புதுக்காசு போட்டானாம். எடுத்த பழைய காசு சவாகோவின் படத்துக்கு முன்னால் இருந்தது, அதைக் கொண்டுபோய்க் கடையில் கொடுக்க மனம் வரவில்லை. தொட்டித் தண்ணீரும் கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று பின்னறையில் போட்டிருக்கிறான். மீன் கண்ணில் பட்டு மிரளக் கூடாது என்பதால் பின்னறை.

ஹமாகுச்சி காசுகளைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எப்போதும் வாயாடும் பெண், என்னைப் பார்த்தாள், மாடத்தைப் பார்த்தாள்.

"பூவுக்கு நல்லதுதான் அண்ணே" என்றாள் கடைசியில்.

"இதுக்கு?"

"செம்பு. கடல் தண்ணியில கரையும். நத்தை, பவளம், எதுவும் தாங்காது."

"மீன்?"

"மீன் கொஞ்சம் தாங்கும். இது வாயில்லாப் பூச்சி, இது தாங்குமான்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சா சொல்லமாட்டேனா?"

"அப்படியா" என்றான் கியோதாகா. ஊரில் பேருந்து தாமதம் என்று சொன்னாலும் அப்படித்தான் சொல்வான். அவள் கையிலிருந்த காசுகளை வாங்கிக் குழாயடியில் கழுவினான். பச்சை போகவில்லை. ஒரு கைக்குட்டையில் சுற்றி மாடத்தின் இழுப்பறையில் வைத்தான். பிறகு கொல்லைக்குப் போய், ஐஸ் ஆலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கொண்டுவந்த பெரிய தெர்மாகோல் பெட்டியை எடுத்து வந்தான். என்ன செய்ய வேண்டும் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை.

ஹமாகுச்சி தன் வீட்டுத் தொட்டியிலிருந்து பழகிய தண்ணீரைக் குடம் குடமாக வண்டியில் கொண்டுவந்து பெட்டியை நிரப்பினாள். வாசல் நுழைவிடத்தில், செருப்பு கழற்றும் இடத்துக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்தோம். வேறு இடமில்லை. மீனைப் பிடிக்க அவள் குனிந்தபோது கியோதாகா சவாகோவின் கைவலைகளை ஆணியிலிருந்து எடுத்தான்.

"நான் பிடிக்கறேன்."

"பிடிச்சிருக்கீங்களா எப்பவாவது?"

"இல்ல."

"அப்போ இடக்கையை அசைக்காதீங்க. வலக்கையால ஓரமா... துரத்தாதீங்க அண்ணே, அது ஐஸ் பாளம் இல்ல!"

முதல் தடவையிலேயே வலைக்குள் வந்தது. தப்பிக்கத் தெம்பு இல்லாததால் வந்தது என்று ஹமாகுச்சி பிறகு என்னிடம் தனியாகச் சொன்னாள்.

பெட்டியில் மீன் சாகவில்லை, தின்னவும் இல்லை. கியோதாகா மட்டியை அரைத்துத் தேய்த்தான், செத்த பவளக் கிளையில் தடவினான். முன்பு சவாகோ தொடங்கிய இடத்திலிருந்தே தொடங்கினான். கிளைக்கு இப்போது பஞ்சமில்லை. பெரிய தொட்டியில் இருந்த பவளம் எல்லாமே வெளுத்துக் கிளையாகத்தான் நின்றது. மீன் கிளையைச் சுற்றி வரும், நிற்கும், மூலைக்குப் போகும். மேலிருந்து பார்த்தால் அதன் வயிறு கண்ணுக்குத் தெரியவே இல்லை. ஹமாகுச்சி தினமும் கடை திறக்கும் முன் வந்து பார்த்துவிட்டுப் போனாள். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் பிறகு தின்றாலும் பிழைக்காது என்று அவனிடமே சொன்னாள். அவன் தலையாட்டினான்.

நாற்பத்தொன்பதாம் நாள் வந்தது. அன்றோடு துக்கம் முடிகிறது, கலயம் கல்லறைக்குப் போகிறது. மழையில் குடையோடு நின்று அதையும் முடித்தோம். வீட்டுக்கு வந்து கோயில் குருவின் ஓதல். வரவழைத்த சாப்பாட்டுப் பெட்டிகள், மட்டி போட்ட மிசோ சூப். சூப்புக்கு வாங்கிய மட்டியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சவாகோவின் அண்ணன் வந்திருந்தார், ஹமாகுச்சியும் இருந்தாள். கியோதாகா எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தான். தன் கிண்ணத்தின் மூடியைத் திறந்தான், உள்ளே பார்த்தான், மூடினான். எழுந்து போனான்.

கொஞ்ச நேரம் கழித்து நுழைவிடத்திலிருந்து கூப்பிட்டான்.

"அக்கா, இங்க வா."

போனேன். கறுப்புக் கோட்டின் கையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு, வந்தவர்களின் செருப்புகளுக்கு நடுவே மண்டியிட்டிருந்தான். கை தண்ணீருக்குள் இருந்தது. விரல்களுக்கு நடுவில் பிளந்த மட்டி.

"பாத்துச் சொல்லு" என்றான். "மேலேருந்து பாத்தா வெளிச்சம் அடிக்குது. கைக்கும் தெரியாது."

நானும் மண்டியிட்டேன். பெட்டியின் ஓரத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தால் தெரிந்தது.

"நிக்குது. மூலையில."

"ம்."

"இன்னும் மூலையிலதான்."

உள்ளே யாரோ சிரித்தார்கள். ஹமாகுச்சி சவாகோவைப் பற்றி ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள், பூதக்கண்ணாடிக் கதையாக இருக்கும். கியோதாகாவின் கை அசையவில்லை. ஐஸில் பழகிய கை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அப்படியே இருக்கும்.

"திரும்பிடுச்சு. வருது."

"ம்."

"உன் கையைப் பாக்குது. ... கிட்ட வந்துடுச்சு."

"தின்னுதா?"

"இல்ல. விரலைக் கொத்துது."

"எந்த விரல்?"

"ஆள்காட்டி விரல். நகத்துக்குக் கீழ."

அவன் அந்த விரலைப் பார்த்தான். தண்ணீருக்கு மேலே இருந்து, வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோல. "கூசுமாம்" என்றான்.

"மறுபடி கொத்துது. கட்டைவிரல். ... இரு. மட்டியைக் கொத்திடுச்சு."

"துப்பும்."

"துப்பிடுச்சு."

அவன் மட்டியை விடவில்லை.

"மறுபடி எடுத்துச்சு. வாயை அசைக்குது. ... துப்பல. முழுங்கிடுச்சு."

"நிச்சயமாவா?"

"பாக்காததைப் பாத்தேன்னு நான் என்னைக்காவது சொல்லியிருக்கேனாடா?"

"இல்ல" என்றான்.

உள்ளேயிருந்து ஹமாகுச்சி கத்தினாள், "அண்ணே, சூப் ஆறுது! உங்க பங்கையும் நான் குடிச்சிடுவேன்!"

"குடிச்சுக்க" என்றான். கையை எடுக்கவில்லை. மீன் போனது, வந்தது, இன்னும் இரண்டு தடவை எடுத்தது. எடுக்கும்போதெல்லாம் சொன்னேன். அவன் ம் கொட்டினான். கோட்டின் கை முழுக்க நனைந்திருந்தது, அதுவும் நான் சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது.

இப்போது மழைக்காலம் தொடங்கிவிட்டது. பெரிய தொட்டியைக் காலி செய்து காயவிட்டிருக்கிறான். மீன் இன்னும் நுழைவிடத்துப் பெட்டியில்தான் இருக்கிறது, தபால்காரர் அதைத் தாண்டித்தான் வர வேண்டும். வயிறு கொஞ்சம் தெரிகிறது. பிழைத்துவிட்டது என்று ஹமாகுச்சி இன்னும் சொல்லவில்லை. அவன் முடி வெட்டிக்கொள்ளப் போனபோது அவள் வாய்வரை வந்ததாம், அடக்கிக்கொண்டாளாம். கியோதாகா இப்போதும் அழவில்லை. பூ ஜாடியில் காசு போடுவதை நிறுத்திவிட்டு, தண்ணீரை இரண்டு வேளை மாற்றுகிறான். காலையில் நான் போகும்வரை மீனுக்கு மட்டி கொடுப்பதில்லை. பிளந்து கையில் வைத்துக்கொண்டு, மண்டியிட்டுக் காத்திருக்கிறான்.

"வந்தியா? பாத்துச் சொல்லு."

செருப்பைக் கழற்றிவிட்டு நானும் மண்டியிடுகிறேன்.